ஆட்டமும் அன்னமும்

(பாம்பூஃப்ளாட்டில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டு. முன்வரிசையில் இரண்டொருவர் புருவம் உயர்வது தெரிகிறது. தமிழ்ச் சங்கத்து மேடையில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று அவர்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

சில வாரங்களுக்கு முன் செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஹாக்கியும் கிரிக்கெட்டும் பழக்கித் தரும் நம்மவர் ஒருவருக்கு, மாதந்தோறும் ஓர் ஊதியம் சங்கம் தரலாமா என்பதே அப்பேச்சு. தமிழ் வகுப்பு ஆசிரியருக்கும் பாட்டு ஆசிரியருக்கும் நாம் தருகிறோம். அதில் எவர்க்கும் ஐயம் எழுந்ததில்லை. ஆனால் இதைக் கேட்டவுடன், "விளையாடச் சொல்லித் தருவதற்கும் காசா?" என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டதில் பகையில்லை, வியப்புத்தான் இருந்தது. இன்னொருவர், "விளையாட்டு என்றால் விளையாட்டாக இருக்க வேண்டும், காசு வாங்கினால் அது கூலி" என்றார். தீர்மானம் பொதுக்குழுவிற்குத் தள்ளி வைக்கப்பட்டது. அந்தக் கேள்வியை நாமும் வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். ஆராய ஆராய, உலகம் முழுவதும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறது என்பது தெரிந்தது. அதற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர்களுள் நம் தமிழ்நாட்டவர் ஒருவரும் இருக்கிறார். அவர் பெயர் எம். ஜே. கோபாலன். அவரைப் பற்றிச் சொல்லவே வந்தோம். ஆனால் அவர் நின்ற இடம் விளங்க வேண்டுமாயின், சற்றுத் தொலைவிலிருந்து நடந்து வர வேண்டும்.

முதலில் நம் வீட்டிற்குள்ளேயே பார்ப்போம். நாடகம் நமக்குப் பழையது. ஆனால் நாடகம் ஆடி உண்டவனை நம் ஊர் எப்படி அழைத்தது? கூத்தாடி என்றது. அவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கியது, வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கியது. 1891-ஆம் ஆண்டு சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அதில் வேடம் புனைந்து ஆடினர். அவர்கள் அமெச்சூர்கள், ஊதியம் பெறாதவர்கள். அவர்கள் ஆடினால் அது கலைத்தொண்டு. அதே வேடத்தை, அதே வசனத்தை, மாலை உணவிற்காக ஒருவன் ஆடினால் அது கூத்தாடித்தனம்! கலை ஒன்றுதான், சோற்றுப் பானை வேறு வேறு வீட்டில் இருந்தது, அவ்வளவே. முதலியாரின் தொண்டைக் குறைத்துப் பேசுவதாக எவரும் கொள்ள வேண்டா. நடிப்பிற்கு மதிப்புத் தேடித் தந்தவர் அவர். நாம் காட்ட விழைவது மதிப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத்தான்.

ஆங்கிலேயர் இதனை இன்னும் நேர்த்தியாகச் செய்தனர். அவர்கள் நாட்டில் 1806-ஆம் ஆண்டு முதல் கனவான்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே கிரிக்கெட் பந்தயம் நடந்து வந்தது. கனவான் என்றால் பணம் பெறாமல் ஆடுபவர். ஆட்டக்காரர் என்றால் கூலிக்கு ஆடுபவர். இருவரும் ஒரே அணியில் ஆடும்போதும் மைதானத்திற்குள் இறங்கும் வாயில்கள் வேறாக இருக்கும். அச்சிட்ட ஆட்டத்தாளில் கனவானின் தலைப்பெழுத்துப் பெயருக்கு முன்னே நிற்கும். கூலி ஆட்டக்காரரின் தலைப்பெழுத்துப் பெயருக்குப் பின்னே நிற்கும். எழுத்து முன்னே நின்றால் பிரபு, பின்னே நின்றால் பணியாள்! இந்த வேற்றுமையை அவர்கள் 1962-ஆம் ஆண்டின் இறுதியில்தான் எடுத்தெறிந்தார்கள். நாம் விடுதலை பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து என்பதை நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் கதை வேறுவிதமாகப் போயிற்று. அங்கே பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். உருட்டுக் கட்டை போன்ற மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு முனைகளைச் சுற்றி ஓடி வருவார்கள். அந்த ஆட்டத்திலும் தொடக்கத்தில் பணம் வாங்கலாகாது என்றே விதி. விதி இருந்தால் வழியும் இருக்குமன்றோ! நல்ல ஆட்டக்காரரை இழுத்து வந்து எங்கேனும் ஓர் உத்தியோகம் என்று பெயர் எழுதிக்கொள்வார்கள். 1867-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரத்து அணியில் ஜார்ஜ் ரைட் என்னும் இளைஞர் ஆடினார். அவரை அரசாங்கக் குமாஸ்தா என்று பதிந்திருந்தார்கள். அலுவலக முகவரியும் தந்திருந்தார்கள். அந்த முகவரி உண்மையில் ஒரு பூங்கா! குமாஸ்தா அங்கே மரங்களுக்குக் கணக்கெழுதினார் போலும்.

இந்தப் பொய்யைக் கலைத்தவர் அவருடைய தமையனார் ஹாரி ரைட். இவர் 1835-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் பிறந்தவர். தந்தையார் கூலி பெற்று ஆடிய கிரிக்கெட்காரர். நியூயார்க்கில் ஒரு கிரிக்கெட் சங்கத்திற்கு ஊழியராக வந்தவர். மகனும் முதலில் கிரிக்கெட்டில்தான் ஊதியம் பெற்றார். பேஸ்பாலில் வெளிப்படையாக ஊதியம் தரலாம் என்று விதி தளர்ந்ததும், 1869-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்து 'ரெட் ஸ்டாக்கிங்ஸ்' அணி முழுவதையும் அவர் சம்பளக்காரர்களைக் கொண்டே நடத்தினார். சிவப்புக் காலுறை அணி என்று பொருள். ஹாரிக்கு 1,200 டாலர். தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். தலைவரைவிடத் தம்பிக்குக் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். ஆட்டத்திற்கு ஏற்ற கூலி. அவ்வாண்டுதான் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் இருப்புப்பாதை நிறைவெய்தியது. அதிலேறிச் சான்பிரான்சிஸ்கோ வரை சென்று ஆடி, அந்த ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஊர் திரும்பினார்கள். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் புரூக்ளின் அணியிடம் ஓர் ஓட்ட வேறுபாட்டில் தோற்கும்வரை அவர்களை வெல்வார் இல்லை. முழுநேரமும் பழகுகிறவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை பழகுகிறவனுக்கும் உள்ள வேற்றுமை அன்று நாடறியத் தெரிந்தது.

ஆனாலும் பழைய எண்ணம் எளிதில் சாகவில்லை. ஜிம் தோர்ப் என்னும் செவ்விந்திய வீரர் 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். அதற்கு முன் 1909, 1910 கோடைகளில் சிற்றூர் அணிகளுக்காகச் சொற்பப் பணம் பெற்று அவர் பேஸ்பால் ஆடியிருந்தார் என்பது வெளிவந்தது. 1913-இல் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். ஓடியது வேறு ஆட்டம், காசு வாங்கியது வேறு ஆட்டம், இருந்தும் பறித்தார்கள். வசதியுள்ள கல்லூரி மாணவர் பலர் பொய்ப் பெயரில் ஆடிப் பணம் பெற்றுத் தப்பினர்; தோர்ப் தம் சொந்தப் பெயரில் ஆடியதே அவர் செய்த பிழை. அவர் 1953-இல் மறைந்தார். 1983-இல்தான் பதக்கங்களின் படிகளை அவர் மக்களிடம் திருப்பித் தந்தார்கள். அந்தப் போட்டிகளில் அவர் ஒருவரே முதல்வர் என்று 2022-இல்தான் ஒப்பினார்கள். இந்த ஒலிம்பிக் விதியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். கோபாலன் கதைக்கு அது வேண்டும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் கிரிக்கெட்டால் பிழைத்தவர்களுள் முன்னோடி பல்வங்கர் பாலு. 1876-இல் தார்வாடில் பிறந்தவர். தீண்டத்தகாதது என்று சமுதாயம் ஒதுக்கிய தோல் தொழிலாளர் குலத்தவர். பூனாவில் பார்சிகளின் மைதானத்தில் பெருக்கியும் உருளை இழுத்தும் மாதம் மூன்று ரூபாய் பெற்றார். பின்னர் வெள்ளையரின் பூனா கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே துரைமார்களுக்குப் பழக்கமாகப் பந்து வீசுவது அவர் வேலையாயிற்று. கிரெய்க் என்னும் துரை, தம்மை அவுட்டாக்குந்தோறும் எட்டணா தருவார் என்றொரு கதை சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் பந்து வீசியவர் கையில் ஒரு நாளும் மட்டையைக் கொடுத்தார்களில்லை. பின்னர் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. பந்தைத் தொடலாம், ஆனால் தேநீர் மட்டும் பந்தலுக்கு வெளியே, தனி மண் குவளையில்! பம்பாயில் இரயில்வேயில் வேலை கிடைத்தது. இரயில்வே அணிக்கும் ஆடினார். 1911-இல் பாட்டியாலா மகாராசர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1923-இல் அவர் தம்பி விட்டல் இந்துக்கள் அணிக்கே தலைவரானார். 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தில் நம் எம். சி. ராஜாவோடு பாலுவும் கையெழுத்திட்டார் என்பதைச் சொன்னால், மைதானத்தைப் பெருக்கிய கை எவ்வளவு தூரம் எட்டியது என்று விளங்கும்.

இப்போது சென்னைக்குச் செல்வோம்.

சேப்பாக்கத்து மைதானம் அந்நாளில் வெள்ளையருடைய கிளப்பிற்கு உரியது. அதற்கு எதிராக இந்தியருக்கென ஐக்கிய கிளப் ஒன்றை எடுத்து நிறுத்தியவர் புச்சி பாபு நாயுடு. செல்வர், தம் கைப்பொருளைச் செலவிட்டு ஆட்டக்காரர்களை உருவாக்கினார். பொங்கலையொட்டி ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடந்த மாகாணப் பந்தயம் அவர் விரும்பித் திட்டமிட்டது. அது நிகழ்வதற்கு முன்பே, 1908-இல், அவர் காலமாகிவிட்டார். பந்தயம் பின்னர் ஊன்றி, சென்னை மக்கள் கரும்பும் கையுமாகச் சென்று பார்க்கும் திருவிழாவே ஆயிற்று.

அந்தச் சென்னைக்குச் செங்கற்பட்டுச் சீமையின் மொறப்பாக்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர் கோபாலன். 1909-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் பிறந்தவர். மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது முழுப்பெயர். திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். புச்சி பாபு வீட்டுப் பிள்ளைகளைப் போல் குதிரைவண்டியில் மைதானத்திற்கு வந்து இறங்கும் குடும்பம் அன்று. நல்ல உடற்கட்டு; வேகமாகப் பந்து வீசுவார்; மட்டை கையிலிருந்தால் ஓங்கி அடிப்பார். கையில் திறமை இருந்தது. நாளைக்கு என்ன என்பதற்கு விடை இல்லை.

அவரைக் கண்டெடுத்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் படித்தவர், கெண்ட் மாவட்டத்திற்கு ஆடியவர், சென்னையில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அலுவலர். இளைஞரின் பந்துவீச்சைக் கண்ட ஜான்ஸ்டன் தம் கம்பெனியிலேயே அவருக்கு வேலை வாங்கித் தந்தார். பர்மா ஷெல் என்றால் இங்கிருக்கும் பெரியவர்களுக்கு விளங்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மின்சாரம் வருமுன் விளக்கெரித்த மண்ணெண்ணெய் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் டின்னில் வந்ததே. 1976-இல் அரசுடைமையாகிப் பின்னர்ப் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது.

இந்த வேலையை எப்படிக் கொள்வது? வாஷிங்டன் பூங்காவில் குமாஸ்தாவாக இருந்த ஜார்ஜ் ரைட்டின் கதைபோல் பொய்யுத்தியோகம் அன்று. மெய்யான கம்பெனி, மெய்யான வேலை. ஆயினும் பந்து வீசத் தெரியாத கோபாலனுக்கு அது கிடைத்திராது என்பதும் மெய்யே. ஆட்டத்திற்கென்று நேராகப் பணம் கொடுத்தால் அவர் கூலி ஆட்டக்காரர். ஒலிம்பிக் கதவு மூடிவிடும். ஆட்டத்திற்காக உத்தியோகம் கொடுத்தால் அவர் அமெச்சூர். எல்லாக் கதவும் திறந்திருக்கும். அந்நாளைய உலகம் இந்த மெல்லிய திரையைக் கண்டும் காணாததுபோல் இருந்தது. ஹாக்கி வேந்தர் தியான் சந்தும் இதே திரைக்குள்தான் இருந்தார். அவர் 1922-இல் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். பட்டாளச் சோறு உண்டு பட்டாள மைதானத்தில் பழகினார். பட்டாளம் இல்லையேல் தியான் சந்த் இல்லை. அவரையும் உலகம் அமெச்சூர் என்றே எழுதிக்கொண்டது.

கோபாலனின் கை ஒன்றோடு நிற்கவில்லை. ஹாக்கியிலும் அவர் இந்தியாவின் முன்னணியில் வந்துவிட்டார். இரண்டு ஆட்டங்களும் அவரை இரண்டு பக்கமும் இழுத்தன.

1934-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட் ஆட்டம். கோபாலன் இந்திய அணியில் இடம்பெற்றார். ஒரு விக்கெட்டு எடுத்தார். இரண்டு முறை ஆடி 18 ஓட்டங்கள். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தக் கோப்பையின் வரலாற்றில் முதற்பந்தை வீசியவர் நம் கோபாலன். நாடு முழுவதும் பேரும் புகழும் பெற்ற எத்தனையோ பேர் ரஞ்சியில் ஆடியிருக்கலாம். ஆனால் முதற்பந்து திருவல்லிக்கேணிக்காரர் கையிலிருந்து போனது. ஆட்டம் அன்றே முடிந்துவிட்டது என்பதும் ஒரு வேடிக்கை. மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. அன்று மைசூரைச் சுருட்டியவர் ராம்சிங். 35 ஓட்டங்களுக்குப் பதினொரு விக்கெட்டு. அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறோம்.

1935-இல் ஹாக்கி அழைத்தது. தியான் சந்தின் அணியோடு நியூசிலாந்துப் பயணம். ஆஸ்திரேலியாவையும் உள்ளிட்ட அந்தச் சுற்றில் 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்தார்கள் நம்மவர்கள். எண்ணிப் பாருங்கள், ஓர் ஆட்டத்திற்குப் பன்னிரண்டு கோல்! எதிரே நின்றவர்கள் பாவம். அந்தச் சுற்றில் ஆடிய கோபாலன் மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிற்கும் செல்வார் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர்.

அங்கேதான் இடையூறு. 1936-ஆம் ஆண்டின் அதே கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்து செல்வதாயிருந்தது. அதற்கும் கோபாலனைத் தேர்ந்தெடுத்தனர். ஒரே மனிதர், ஒரே கோடை, இரண்டு கப்பல்கள். ஒன்று பெர்லினுக்கு, அங்கே பதக்கம் ஏறக்குறைய உறுதி. மற்றொன்று இங்கிலாந்துக்கு, அங்கே எதுவும் உறுதியில்லை. கோபாலன் ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குப் போகவில்லை. கிரிக்கெட் கப்பலில் ஏறினார்.

ஏன் என்று பிற்காலத்தில் பலரும் கேட்டிருக்கிறார்கள். தவறான முடிவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முடிவு தெரிந்தபின் எல்லாரும் அறிவாளிகளே. நமக்குத் தோன்றுவது இது: கோபாலனுக்குச் சோறு போட்டது கிரிக்கெட். வேலை தந்தவர் கிரிக்கெட்காரர். வேலை தந்த காரணம் கிரிக்கெட். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய ஆட்டத்தை விட்டுவிட்டு மற்றோர் ஆட்டத்தின் கப்பலில் ஏறுவது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு எளிதன்று. மெயின்லாந்திலிருந்து வேலையை நம்பி இக்கடலைக் கடந்து வந்த நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் நடந்தது என்ன? அணித்தலைவர் விஜயநகரத்து மகாராஜகுமாரர். செல்வத்தாலும் செல்வாக்காலும் தலைமை பெற்றவர். அணிக்குள் பூசல். அமர்நாத்தைப் பாதிப் பயணத்திலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று டெஸ்டுகளில் இரண்டு தோல்வி, ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கோபாலனுக்கு மூன்றிலும் இடமில்லை. வேகப்பந்து வீச முகம்மது நிசாரும் அமர் சிங்கும் இருந்தார்கள். இந்த அமர் சிங் யார்? அந்நாளில் லங்காஷயரில் கோல்ன் என்னும் ஊர் கிளப்பிற்கு வெளிப்படையாகச் சம்பளத்திற்கு ஆடிக்கொண்டிருந்தவர். கிளப்பு அனுமதித்த நாட்களில் மட்டும் இந்திய அணிக்கு வந்து வீசினார்; லார்ட்ஸ் டெஸ்டில் 35 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டு எடுத்தார். திரைக்குப் பின்னே உத்தியோகம் வைத்திருந்தவர் வெளியே அமர்ந்திருக்க, திரையைக் கிழித்துக் கூலிக்கு ஆடியவர் களத்தில் நின்றார். சென்னையிலிருந்து சென்ற மற்றொருவருக்கும் இடம் கிடைத்தது. புச்சி பாபுவின் மகன் கோட்டா ராமசாமி. நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடி 40-உம் 60-உம் எடுத்தார். அவரும் இரண்டு ஆட்டங்களில் நாட்டிற்கு ஆடியவர். டேவிஸ் கோப்பை டென்னிஸ் வீரர். அவர் எந்த ஆட்டத்தைத் தேர்ந்தாலும் வீட்டு அடுப்பு எரிந்திருக்கும்.

1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஒன்றை மட்டும் நின்று பார்ப்போம். அன்று இலண்டனில் ஓவல் மைதானத்தில் மூன்றாம் டெஸ்ட் தொடங்கியது. ஆடும் பதினொருவருள் கோபாலன் இல்லை. அதே நாள் பெர்லினில் ஹாக்கி இறுதியாட்டம். மழையால் ஒருநாள் தள்ளிப்போய் அன்று நடந்தது. இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று வென்றது. தியான் சந்தின் தோழர்கள் கழுத்தில் தங்கம் ஏறியது. ஓவலில் ஹாமண்ட் 217 ஓட்டங்கள் குவிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கோபாலனுக்கு அச்செய்தி எந்த வேளையில் எட்டியிருக்குமோ!

ஊர் திரும்பிய கோபாலன் புலம்பித் திரியவில்லை. அலுவலகத்திற்குப் போனார், மாலையில் பந்து வீசினார். அதன்பின் ஒரு டெஸ்ட் ஆட்டமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் சென்னைக்கு 1950-களின் தொடக்கம் வரை ஆடினார், அணித்தலைவராகவும் இருந்தார். முதல்தர ஆட்டங்கள் ஏறத்தாழ எண்பது. விக்கெட்டுகள் இருநூற்றுக்குச் சற்றே குறைவு. ஓட்டங்கள் மூவாயிரத்தை நெருங்கின. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் அமர்ந்தார். அவர் ஆடிய இருபத்தைந்து ஆண்டுகளைச் சிறப்பிக்க, அவர் பெயரால் ஒரு கோப்பை ஏற்பட்டது. 1953-இல் தொடங்கிய கோபாலன் கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் மாறி மாறிக் கடல் கடந்து சென்று ஆடின. இலங்கை டெஸ்ட் நாடு ஆகாதிருந்த அந்த ஆண்டுகளில், அந்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு வெளிநாட்டு ஆட்டம் என்றால் இதுவே முதன்மையானது. 1982-இல் இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது; கோப்பையின் தேவையும் அத்தோடு குறைந்தது. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர் பெயரால் ஒரு நாடே முப்பது ஆண்டு பழகிக்கொண்டது என்பது சிறிய செய்தி அன்று. கோபாலன் 2003-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் சென்னையில் மறைந்தார், வயது 94. அப்போது உலகில் வாழ்ந்திருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் அவரே மூத்தவர்.

பதக்கம் இல்லாத அந்த நீண்ட வாழ்வைக் குறையென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைமுறையில் திறமை இருந்தும் மாதச் சம்பளம் இல்லாததால் இருபத்திரண்டு வயதிலேயே மட்டையைப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரை நாம் சொல்ல முடியாது. எவரும் எழுதி வைக்கவில்லை.

பின்னாளில் அந்த உத்தியோக வழியே அகன்ற சாலையாயிற்று. இரயில்வே, வங்கி, துறைமுகம், காவல்துறை என்று எங்கும் ஆட்டக்காரர்களுக்கு வேலை ஒதுக்கினார்கள். நம்மைப் போல் வெளிமாநிலம் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. பூனாவை அடுத்த கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானத்தைக் காத்தவர் ஒரு தமிழர். அவர் மகன் தன்ராஜ் பிள்ளை, உடைந்த ஹாக்கி மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகி, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியாவிற்கு ஆடினார். மகிந்திரா கம்பெனியும் இந்தியன் ஏர்லைன்சும் அவருக்கு வேலை தந்தன. பாலு பெருக்கிய ஊரும் அதே பூனாதான்! இன்றோ திரையே விலகிவிட்டது. சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ஆம் ஆண்டு ஏலத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதை எவரும் கூலி என்று இகழவில்லை. கோடி என்றவுடன் கூலி என்ற சொல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆயிரத்திற்கும் இரண்டாயிரத்திற்கும்தான் அந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது.

ராம்சிங்கைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். ஏ. ஜி. ராம்சிங் 1910-இல் அமிர்தசரசில் பிறந்தவர். வாழ்ந்ததும் ஆடியதும் சென்னையில். வேற்று மண்ணிலிருந்து வந்து சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டவர். நாம் இத்தீவை நம் ஊராக்கிக்கொண்டதுபோல. ரஞ்சியின் முதல் ஆட்டத்திலேயே பதினொரு விக்கெட்டு எடுத்த அவருக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. ஆட்டம் ஓய்ந்தபின் அவர் பிள்ளைகளுக்குப் பழக்கித் தரும் ஆசிரியரானார். அவரிடம் பழகியவர்களில் அவர் வீட்டுப் பிள்ளைகளே சான்று. மகன் கிருபால் சிங் 1955-இல் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே நூறு ஓட்டங்கள் அடித்தார். மற்றொரு மகன் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார். பேரன் அர்ஜன் கிருபால் சிங் 1989-ஆம் ஆண்டு சனவரியில் கோவாவிற்கு எதிராக 302 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆட்டத்தில் டபிள்யூ. வி. ராமன் 313. தமிழ்நாடு ஆறு விக்கெட்டுக்கு 912!

இங்கே நம் காலனியில் மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிந்து படகில் வந்திறங்கியவர் வீட்டிற்குக்கூடப் போகாமல் மைதானத்திற்குப் போகிறார். பந்து அவர் வாங்கியது. சீழ்க்கையும் அவர் வாங்கியது. மழைக்காலத்தில் எல்லைக்கோட்டிற்குச் சுண்ணாம்பு வாங்குவதும் அவரே. அவரிடம் பழகும் இருபது பிள்ளைகளில் ஒருவரும் இந்திய அணிக்குப் போகாமலிருக்கலாம். காரநிக்கோபாரிலிருந்து தெபோரா ஹெரால்டு சைக்கிள் ஓட்டி உலகப் போட்டிகள் வரை சென்றதையும் நாம் கண்டிருக்கிறோம். போவதும் போகாததும் பின்னாலுள்ள கதை. பாட்டு ஆசிரியரிடம், "உங்களிடம் கற்றவர்களில் எத்தனை பேர் வானொலியில் பாடினார்கள்?" என்று கேட்டுவிட்டா நாம் சம்பளம் கொடுத்தோம்?

அத்தீர்மானம் இன்று மாலை பொதுக்குழுவின் முன் வருகிறது. அதில் குறித்த தொகை பெரிதன்று. நம் குடும்பம் ஒவ்வொன்றும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுத்தால் போதும். கை தூக்கச் சொல்லும்போது நம் கை மேலே இருக்கும். கேள்வி கேட்ட பெரியவர் பக்கத்து நாற்காலியில்தான் அமர்வார். அவரோடும் பேசிப் பார்ப்போம்.

பிள்ளைகளே, பொறுமையோடு இருந்தீர்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.